வலிக்காத கால்

எங்கள் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காவது வாரம், சனிக்கிழமை காலையில் தரை துடைக்கக் குனிந்தபோது, சமையலறையிலிருந்து படுக்கையறை வரை சின்னச் சின்னப் பழுப்புக் கறைகள் தெரிந்தன. டீ சிந்தியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கறைகள் ஒரே இடைவெளியில் போவதைக் கவனித்தேன். நான் கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கூட்டுத்தொடர் நடத்துகிறவள். டீ அப்படிச் சிந்தாது. துணியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கிப் பார்த்தேன்.

சுண்டுவிரலுக்கு அடியில், பாதத்தின் மேட்டில், கொப்புளம் ஒன்று உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. நடுவில் ஒரு குழி. விரலால் தொட்டேன். பிறகு அழுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ தொடுவது போலிருந்தது. கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் மஞ்சள் வைத்துத் துணி சுற்றினேன். வீட்டுத் தரை முழுவதையும் இரண்டு தடவை துடைத்தேன்.

எப்படி வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் கோயில் பங்கிலிருந்து இரண்டு பஸ்ஸில் மேலூர் பக்கம் ஒரு பாறைக்குன்றுக்குச் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தோம். பதினான்கு இடத்தில் சிலுவை நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக ஏறிச் செபித்துக்கொண்டே உச்சிக்குப் போகவேண்டும். பாதிப்பேர் செருப்போடுதான் ஏறினார்கள். நான் வெறுங்காலோடு ஏறினேன். பங்குனி வெயில், பதினொரு மணி, பாறை தோசைக்கல் மாதிரி கிடந்தது. கூட வந்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துத் துடித்தார்கள். எனக்கு அவ்வளவு சுடவில்லை. என் நேர்த்திக்கடனை ஆண்டவர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது என்று நினைத்து அங்கேயே கண்கலங்கி நின்றேன். எனக்கு அப்போது சர்க்கரை வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

நேர்த்திக்கடன் மகளுக்காக. அவள் சென்னையில் இருக்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. அவள் அதைப்பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தவக்காலம் முழுவதும் ஒருவேளை உணவும், பாதத்தில் செருப்பில்லாமல் பதினான்கு நிலையும் என்று நானாக மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

கறையைப் பார்த்த அந்தச் சனிக்கிழமையே டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். என் அண்ணன் காரணம். எழுமலையில் அவனுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு உரக்கடையும் இருந்தன. அவனுக்கும் சர்க்கரைதான். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனான். பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த மாதம் பாதத்தில் பாதியை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு முழங்காலுக்கு மேலே. எட்டே மாதம். கடைசித் தடவை அவனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது போர்வைக்குள் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை நான் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சங் கொஞ்சமாக் கொண்டுபோறாங்க தாயி" என்றான். பதினாறாவது நாள் இறந்துபோனான்.

அதிலிருந்து எனக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டுவார்கள். போகாவிட்டால் வெட்டமாட்டார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் எழுப்பி நிறுத்தியிருப்பேன். ஆனால் பயந்த மனது வேறு மாதிரி கணக்குப் போடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எழுமலைக்குப் போன் போட்டேன். அண்ணனுக்கு முதன்முதலில் எப்படி ஆரம்பித்தது என்று மதினியிடம் கேட்டேன். என்னத்துக்கு இப்பக் கேட்கிறாய் என்றார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சருக்கு ஏதோ புண்ணாம், அதனால்தான் என்று பொய் சொன்னேன்.

"ஒண்ணுமில்லத்தா. செருப்புக் கடிச்ச மாதிரி ஒரு கொப்புளம். வலியே இல்லன்னாரு. வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு நானும் விட்டுட்டேன். அந்த டீச்சர உடனே போகச் சொல்லு."

சரி சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மதினி சொன்னதில் 'உடனே போகச் சொல்லு' என்பது என் காதில் ஏறவில்லை. 'ஒரு கொப்புளம்' என்பது மட்டும்தான் நின்றது.

அடுத்து வந்த நாட்களில் நான் செய்ததையெல்லாம் நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கணவர் மேலூர் மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கிறார். காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவார். அவர் போனபிறகுதான் கட்டைப் பிரிப்பேன். மருந்துக்கடையில் பஞ்சும் களிம்பும் வாங்கிவந்து வைத்துக் கட்டுவேன். பள்ளிக்கூடத்துக்கு மூடின செருப்பும் காலுறையும். புடவையை இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டினேன். நடக்கிறபோது வலி இல்லாததால் நொண்டவில்லை. நொண்டியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். ஒரு வாரம் போனதும் லேசாக ஒரு வாடை வந்தது. வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். யாராவது மூக்கைச் சுளிக்கிறார்களா என்பதிலேயே என் கண் இருந்தது. சுண்டுவிரல் நுனி நிறம் மாறத் தொடங்கியபோது அதைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கட்டப் பழகிவிட்டேன்.

செபம் பண்ணினேனா என்றால், பண்ணினேன். ஆனால் அது செபமில்லை, பேரம். காலைப் பற்றிப் புகார் சொன்னால் மகளுக்காக நேர்ந்ததைத் திரும்பக் கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் கால் போய்விடுமோ என்று இன்னொரு பயம். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருப்பேன். ஐந்து பத்துமணியும் உருட்டி முடித்திருப்பேன், ஒரு வார்த்தைகூட ஆண்டவரிடம் சொல்லியிருக்கமாட்டேன்.

குருத்து ஞாயிறன்று பவனி முடிந்து குருத்தோலையோடு வெளியே வந்தபோது கோயில்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். எங்கள் கோயிலில் பீடத்தைத் தயார்செய்வது, மணியடிப்பது எல்லாம் அவர்தான். பெரிய வியாழனன்று பாதம் கழுவுகிற சடங்குக்கு இந்த வருடம் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்றும், பன்னிரண்டு பேரில் என் பேரைப் பங்குத்தந்தை எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இயேசு கடைசி இராவுணவில் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துச் செய்கிற சடங்கு அது. பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன் காலை நீட்டி உட்காரவேண்டும், குருவானவர் மண்டியிட்டு ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைத்து, முத்தமிட்டு முத்தி செய்வார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

வேறு யாரையாவது போடுங்களேன் என்றேன். பட்டியல் அச்சுக்குப் போயாயிற்று என்றார். ரெண்டு காலையுமா கழுவுவார்கள் என்று, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"வலது கால் மட்டுந்தான் டீச்சர். ரெண்டையும் கழுவிக்கிட்டிருந்தா என்னைக்குப் பூச முடியுறது" என்று சிரித்தார்.

வலது கால் மட்டும். எனக்கு உயிர் வந்தது. என் வலது கால் சுத்தமாக இருந்தது. அந்த நான்கு நாளும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பெரிய வியாழன் சாயங்காலம் வலது காலை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இடது காலில் புதுப் பஞ்சு வைத்துச் சதைநிறப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனேன். பெண்கள் நான்கு பேர், ஆண்கள் எட்டுப் பேர். எனக்கு ஏழாவது நாற்காலி. பங்குத்தந்தைக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. அதனால் உதவிப் பங்குத்தந்தை இறங்கிவந்தார். சின்ன வயது, எங்கள் பங்குக்கு வந்து ஆறேழு மாதம்தான் இருக்கும். மேலங்கியைக் கழற்றிவைத்து, இடுப்பில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். கோயில்பிள்ளை தாம்பாளத்தைப் பிடித்தார். ஃபாதர் வலது காலைக் கழுவினார். துடைத்தார். முத்தி செய்தார். பிறகு இடது காலை எடுத்தார்.

பாடற்குழு பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது ஆளுக்கும் இரண்டு கால். மூன்றாவது ஆளுக்கும் இரண்டு கால். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எந்தப் பக்கமாகப் போவது? முன்னால் ஐந்நூறு பேர். மயக்கம் வருகிற மாதிரி விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான்கு, ஐந்து, ஆறு. மண்டியிட்டபடியே நகர்ந்து அவர் என் முன்னால் வந்தார்.

வலது கால் முடிந்தது. இடது காலை நான் தரையோடு அழுத்தி வைத்திருந்தேன். அவர் கணுக்காலைப் பிடித்தார், நான் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, குரலைத் தாழ்த்தி, "குடுங்க டீச்சர்" என்றார். நான் விட்டுவிட்டேன்.

தண்ணீர் பட்டதும் பிளாஸ்திரி ஒரு பக்கம் கழன்றது. பஞ்சு நனைந்து தொங்கியது. அவர் கை அப்படியே நின்றது. பாதத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். வாடை அவருக்கு வந்திருக்கும், எனக்கே வந்தது.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல ஃபாதர்."

"கொஞ்சங்கூடவா?"

"இல்ல."

அவர் முகம் மாறிவிட்டது. பஞ்சை மெல்ல ஒட்டவைத்து, துண்டால் ஒற்றி எடுத்து, குனிந்து கணுக்காலில் முத்தி செய்தார். பிறகு கோயில்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அவர் தாம்பாளத்தோடு உள்ளே போய்த் தண்ணீரை மாற்றி, வேறு துண்டோடு வந்தார். அந்த இரண்டு நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். கோயிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பூசை முடிந்து நற்கருணை அப்பத்தை இடம்மாற்றிவைத்தபின், நான் கணவரை இழுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்தேன். ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் அந்த இளம் சாமியார் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். என் கணவரிடம் எதையும் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். தன் அப்பாவுக்கும் சர்க்கரை என்றார்.

"வலிச்சா நான் இம்புட்டு பயப்படமாட்டேன் டீச்சர். வலிக்கலன்னு சொன்னீங்க பாருங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கே காட்டுங்க."

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை போகிறேன் என்றேன். பெரிய வெள்ளி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்றும் கேட்டேன்.

"ஈஸ்டர் நீங்க இல்லாமலும் வந்துரும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது போல. தலையில் கைவைத்து ஆசீர் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே என்னை உட்காரவைத்து, கணவர் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். நான் பார்க்காமல் விட்ட நாட்களில் சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதற்கு அடுத்த விரலும் வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நான் அம்புட்டு பயமுறுத்துற ஆளா?"

இல்லை என்று சொன்னேன். அண்ணனைச் சொன்னேன். மகளுக்கு நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். எல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது. அவர் பையில் துணிமணியை எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

பெரிய வெள்ளி காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்ததையும், மாத்திரையைப் பாதி நாள் விட்டதையும் சொன்னபோது டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக் குழிக்குள் விட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் காதில் கேட்டது. டிக் என்று, பென்சிலால் பெஞ்சைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது என் எலும்பு. அவர் கம்பியை எடுத்துத் தட்டில் போட்டார்.

இரண்டு விரலை எடுக்கவேண்டும், மறுநாள் காலையில் ஆபரேஷன், உள்ளே திறந்து பார்த்தால்தான் மிச்சத்தைச் சொல்லமுடியும் என்றார். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். பரீட்சைத்தாள் திருத்துகிற பழக்கம், முழுவதையும் படித்தேன். அதில் ஒரு வரி, தேவைப்பட்டால் மேற்கொண்டு அகற்றவும் சம்மதிக்கிறேன் என்று. 'மேற்கொண்டு' என்ற சொல்லுக்கு எல்லை போட்டிருக்கவில்லை. அண்ணனும் இப்படி ஒரு தாளில்தான் போட்டிருப்பான். அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துப் படுக்கையில் திருவாதவூர் அம்மா ஒருத்தர் இருந்தார். விவசாயக் குடும்பம். அவருக்கும் காலில் பெரிய கட்டு. நான் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மத்தியானம் மூன்று மணி இருக்கும், பேச்சுக் கொடுத்தார்.

"உங்க சாமி செத்த நாளு இன்னைக்குத்தானே?"

ஆமாம் என்றேன்.

"பாவம். ஆணியடிக்கிறப்ப பயந்திருப்பாருல்ல?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்கு முந்தின இரவே பயந்தார் என்று சொன்னேன். தோட்டத்தில் தனியாக மண்டியிட்டு, வேர்த்து ஊற்ற, இது எனக்கு வேண்டாம், எடுத்துவிடும் என்று பிதாவிடம் கெஞ்சினார் என்றும், கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

"கேட்டது கெடச்சுச்சா?"

"இல்ல."

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "அப்புறம் எப்புடிக் கும்புடுறீக?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியல" என்றேன்.

ஞானோபதேச வகுப்பில் எத்தனையோ வருடம் பதில் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்தப் பதில் எதுவும் வாய்க்கு வரவில்லை. ஆனால் பயந்துபோய்த் தரையில் கிடந்த அந்த ஆளை நான் அதற்கு முன்பு அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவர் எப்போதும் சிலுவையில் அமைதியாகத் தொங்குகிறவர், அல்லது வெள்ளை உடுத்திக் கல்லறையிலிருந்து எழுகிறவர். பயந்தவரிடம் பேரம் பேசத் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டு நாளில் நான் சொன்ன முதல் செபம் அதுதான். பயம் குறையவில்லை. அதைச் சேர்த்தே சொல்லவேண்டும், கொஞ்சங்கூடக் குறையவில்லை.

சனிக்கிழமை காலையில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத்துணி. அந்தப் பக்கம் டாக்டரம்மா யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. "இன்னும் கொஞ்சம்" என்று ஒருதடவை சொன்னார். எதில் இன்னும் கொஞ்சம்? நான் ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்று வர்க்க எண்களைச் சொல்லிக்கொண்டே போனேன். ஆயிரத்தைத் தாண்டியதும் தவறு வந்தது. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

வார்டுக்குக் கொண்டுவந்தபோது போர்வையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அண்ணனின் போர்வைதான் கண்ணுக்குள் நின்றது. கணவர் குனிந்து என் காதருகில், "ரெண்டுதான்" என்றார். நம்பவில்லை. அவர் என் கையை எடுத்துப் போர்வைக்கு மேலாகக் கொண்டுபோய், கட்டுக்கு உள்ளே பாதம் மேடாக இருப்பதைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் மூச்சுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகள் சென்னையிலிருந்து வந்தாள். அவளிடம் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார், நேர்ந்துகொண்டதையும் சேர்த்து. பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"எனக்குப் பிள்ள வேணும்னு உங்கிட்ட எப்பயாச்சும் கேட்டேனாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வேணுமா வேணாமான்னே எங்களுக்கு இன்னும் தெரியல. அதுக்குள்ள நீ காலக் குடுத்துட்டு வந்து படுத்திருக்க. இனிமே எனக்காக எதையும் நேராத. என்கிட்ட கேளு."

சொல்லிவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். என் பயத்தை நான் அவளுக்கும் வாங்கிக்கொடுத்திருந்தேன். அது மட்டும் புரிந்தது.

ஈஸ்டர் காலையில் வார்டு எப்போதும் போலத்தான் இருந்தது. தரை துடைத்தார்கள், ஊசி போட்டார்கள், இட்லி வந்தது. பதினொரு மணிக்கு அந்த இளம் சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். விடிய விடியப் பூசை வைத்துத் தொண்டை கட்டியிருந்தது. நற்கருணை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். எல்லோர் முன்னாலும் தண்ணீரை மாற்றச் சொன்னீர்களே ஃபாதர், அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா என்றேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். "எட்டாவது நாற்காலி தாத்தாவுக்குக் குதிகால் பூரா வெடிப்பு டீச்சர். அதே தண்ணிய அவருக்கு ஊத்தலாமா?" என்றார். பக்கத்துப் படுக்கை அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆபரேஷன் ஆனபின் முதல்தடவையாக.

அதோடு முடிந்துவிடவில்லை. திங்கட்கிழமை கட்டைப் பிரித்தபோது ஒரு ஓரத்தில் இன்னும் சீழ் இருந்தது. திரும்பவும் கொஞ்சம் வெட்டினார்கள். ஒவ்வொரு தடவை கட்டைப் பிரிக்கும்போதும் டாக்டரம்மாவின் கண்ணையும் நெற்றியையும்தான் பார்ப்பேன், காலை அல்ல. பதினேழு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். புண் ஆற ஆடி மாதம் ஆகிவிட்டது. அதுவரை தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் கணவர் கட்டு மாற்றிவிடுவார். பள்ளிக்கூடம் திறந்து ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குப் போனேன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் எடுக்கிறேன். திருவாதவூர் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று அவர் மகன் போனில் சொன்னான். ஆண்டவர் அவரை விட்டுவிட்டு என்னை ஏன் காப்பாற்றினார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. காப்பாற்றினார் என்ற சொல்லைச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இந்த வருடத் தவக்காலத்தில் நான் மலைக்குப் போகவில்லை. கோயிலுக்குள் நடந்த சிலுவைப்பாதையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர, நான் மட்டும் டாக்டரம்மா சொல்லித் தனியாகச் செய்த செருப்போடு உள்ளே இருந்தேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பயம் போய்விட்டதா என்று மகள் போனில் கேட்பாள். போகவில்லை. தினமும் இருட்டியபின், கணவர் வந்து முகம் கழுவி டீ குடித்தபின், கட்டிலில் காலை நீட்டி உட்காருகிறேன். எனக்குப் பாதத்தின் அடிப்பக்கம் தெரியாது, தொட்டாலும் தெரியாது. அவர்தான் டார்ச் அடித்து ஒவ்வொரு விரலிடுக்கையும் விலக்கிப் பார்க்கவேண்டும். அந்த ஒரு நிமிடமும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமில்லை என்று சொல்லி டார்ச்சை அணைப்பார். இன்னொரு தடவை பாருங்கள் என்பேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் திரும்பவும் டார்ச்சைப் போடுவார்.